திரைக்கதையை எடைபோடுவது எப்படி? பூட்டிய கோயிலில் இருந்து ஆரம்பிப்போம்

"செகண்ட் ஹாஃப் லேக்." ஒரு நண்பரின் திரைக்கதையை முதன்முதலாகப் படித்துவிட்டு நான் சொன்ன கருத்து இவ்வளவுதான். "எந்தப் பக்கத்தில்?" என்று கேட்டார். முழித்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி படிப்பது எப்படி என்று பார்ப்போம்.

பயிற்சிக்குக் கமல்ஹாசன் எழுதி, பரதன் இயக்கிய 'தேவர் மகன்' (1992). திரைக்கதைப் பிரதி கையில் இல்லையா? படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து சீன் பட்டியலை நீங்களே எழுதுங்கள். கை வலிக்கும், ஆனால் இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

பிரதியாகப் படிக்கும்போது முதல் தடவை பேனாவைத் தொடாதீர்கள். ஹாலிவுட் முறைப்படி தட்டச்சு செய்திருந்தால் ஒரு பக்கம் சுமார் ஒரு நிமிடம். 120 பக்கம் என்றால் இரண்டு மணி நேரப் படம். எந்த இடத்தில் கை தானாக செல்போனுக்குப் போகிறதோ, அந்தப் பக்கத்தின் முனையை மட்டும் மடித்து வையுங்கள்.

இரண்டாவது தடவைதான் உண்மையான வேலை. சீனுக்கு ஒரு வரி: யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, முடிவில் எது மாறியது. லண்டனில் படித்துவிட்டுக் காதலியோடு ஊருக்கு வரும் நாயகன் சக்தி, தகராறில் பூட்டிக் கிடக்கும் கோயிலை வேலையாள் இசக்கியை வைத்துத் திறக்கிறான். மாறியது என்ன? ஒரு பூட்டு, அவ்வளவுதான். ஆனால் அடுத்த வரிகளைப் பாருங்கள். பூட்டு திறந்ததால் பழைய பகை கிளம்புகிறது. அதனால் இசக்கியின் கை போகிறது. அதனால் ஊரைவிட்டுப் போக நினைத்தவனால் சும்மா போக முடியவில்லை.

இரண்டு வரிகளுக்கு நடுவே 'அதனால்' போட்டுப் படியுங்கள். 'அப்புறம்' மட்டும்தான் பொருந்துகிறது என்றால் அங்கே ஒரு கேள்விக்குறி. பஞ்சவர்ணம் என்ற பெண்ணுக்குப் பார்த்த மாப்பிள்ளை ஓடிப்போக, சக்தியே தாலி கட்டும் இடம் லேசாகத் தற்செயல் போலத் தெரியும். ஆனால் மாப்பிள்ளை ஓடியது வில்லன் மாயன் மீதுள்ள பயத்தால். அந்தப் பயத்தைத் திரைக்கதை முன்பே நம் மனதில் ஏற்றிவிட்டது. அதனால்தான் நம்புகிறோம்.

அப்புறம், நாயகன் முதலில் கேட்டதையும் கடைசியில் அவனுக்குக் கிடைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஹோட்டல் தொழில் கனவோடு ரயிலில் வந்தவன், கொலைக் கைதியாக ரயிலில் போகிறான். இந்த இரண்டு வரிக்கும் நடுவே உள்ள தூரம்தான் படம்.

வசனத்துக்கு ஒரு சின்ன சோதனை: பாத்திரங்களின் பெயரை மறைத்துவிட்டுப் படியுங்கள். எல்லோரும் ஒரே ஆள் மாதிரி பேசினால் பேசுவது எழுத்தாளர்தான்.

கடைசியாக ஒரு பக்க அறிக்கை. ஒன்லைன் (ஒரே வரியில் கதை), கதைச்சுருக்கம், கருத்து, தீர்ப்பு. ஹாலிவுட் ஸ்டூடியோக்களில் இந்த வேலைக்கென்றே ஆள் உண்டு; அவர்கள் 'ரெகமெண்ட்', 'கன்சிடர்', 'பாஸ்' என்று மூன்றில் ஒன்றைப் போடுவார்கள். 'பாஸ்' என்றதும் சந்தோஷப்பட வேண்டாம். அங்கே அதற்கு 'வேண்டாம்' என்று அர்த்தம்!

கருத்து எழுதும்போது மடித்த பக்கங்களை சீன் பட்டியலோடு ஒப்பிடுங்கள். நண்பரின் பிரதியை நான் பிறகு அப்படிப் பார்த்தேன். 71-ஆம் பக்கத்தில் இருந்து மூன்று சீன்களுக்கு 'எது மாறியது' என்ற இடத்தில் எழுத ஒன்றுமே இல்லை.