மாக் 3.2 இடைமறிப்பு விமானம்: காகிதத்தில் வடிவமைக்கும் வழி

எதிரி விமானத்தை வழியிலேயே மறித்துத் தாக்குவது இடைமறிப்பு விமானம். மாக் 3.2 என்றால் ஒலியைப் போல 3.2 மடங்கு வேகம். அப்படியொன்றைக் காகிதத்தில் வடிவமைக்கக் கால்குலேட்டர், நிலையான வளிமண்டல அட்டவணை (எந்த உயரத்தில் காற்றின் வெப்பநிலை எவ்வளவு என்று காட்டுவது), வரைதாள் இருந்தால் போதும். விடையை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிஜ விமானம் வேண்டுமே, அதற்கு அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனம் கட்டிய ஒய்எஃப்-12ஏ-வை எடுத்துக்கொள்ளுங்கள். 1963 ஆகஸ்ட் 7 அன்று முதன்முதலாகப் பறந்தது. கட்டியது 3 விமானங்கள்தான். 1965 மே 1 அன்று மணிக்கு 3,331.5 கி.மீ. வேகத்தில் பறந்து உலக சாதனை படைத்தது.

முதல் முறை முயல்பவர்கள் பெரும்பாலும் எஞ்சினில் ஆரம்பிப்பார்கள். அது வேண்டாம். எந்த உலோகம், எந்த எரிபொருள், எந்த சீல் என்பதையெல்லாம் தீர்மானிப்பது சூடுதான். அங்கிருந்து தொடங்குங்கள்.

வெளிக்காற்றின் வெப்பநிலையை (1 + 0.2 × மாக் × மாக்) என்பதால் பெருக்குங்கள். 20 கி.மீ. உயரத்தில் 216.65 கெல்வின், மாக் 3.2-க்குப் பெருக்கும் எண் 3.048. விடை 660 கெல்வின், அதாவது 387 டிகிரி செல்சியஸ். கெல்வினுக்கு மாற்றாமல் மைனஸ் 56.5 டிகிரியை அப்படியே பெருக்கினால் மைனஸ் 172 வரும், விமானம் பறக்கப் பறக்க உறைந்துபோகும்! வருடாவருடம் யாராவது ஒருவர் செய்கிற தவறு இது.

387 என்பது காற்று முழுவதுமாகத் தடுத்து நிறுத்தப்படும் இடத்துச் சூடு. விமானத்தின் தோல் வெப்பத்தை வெளியே கதிர்வீசிக்கொண்டே இருப்பதால், அகலமான பரப்புகளுக்கு 250 முதல் 300 டிகிரி என்று வைத்துக் கணக்கிடலாம். வழக்கமான விமான அலுமினியக் கலவைகள் 150 டிகிரியைத் தாண்டி நெடுநேரம் இருந்தால் வலுவிழந்துவிடும். அதனால் டைட்டானியம்.

டைட்டானியத்தின் பிடிவாதம் பட்டறைக்குள் போனால்தான் தெரியும். ஒய்எஃப்-12ஏ-வின் விமானக் குடும்பத்தைக் கட்டிய, கலிபோர்னியாவின் பர்பேங்க் ஆலையில் குளிர்காலத்தில் ஸ்பாட் வெல்டிங் செய்த தகடுகள் நின்று உழைத்தன. கோடையில் செய்தவை சீக்கிரமே விட்டுக்கொண்டன. தேடிப் பார்த்தால் காரணம் குழாய்த் தண்ணீர். பாசி பிடிக்காமலிருக்க ஊர்த் தண்ணீரில் கோடையில் குளோரின் கலந்திருந்தார்கள், அந்தத் தண்ணீரில்தான் தகடுகளைக் கழுவினார்கள். காய்ச்சி வடித்த நீருக்கு மாறியதும் தொல்லை தீர்ந்தது. காட்மியம் பூச்சுள்ள ஸ்பானரால் முடுக்கிய போல்ட்கள் சூடேறியதும் தலை உடைந்து விழுந்தன. ஒவ்வொரு கருவிப்பெட்டியையும் துழாவி அந்த ஸ்பானர்களை அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. ஆகவே உங்கள் பொருள் பட்டியலில் உலோகத்தின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். கழுவும் நீர், கருவியின் பூச்சு, குறியிடும் மை ஆகியவற்றையும் அதன் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.

அடுத்து, சூட்டில் நீளும் அளவு. 31 மீட்டர் நீள உடல், 250 டிகிரி ஏற்றம், டைட்டானியத்தின் விரிவுக் கெழு டிகிரிக்கு 10 லட்சத்தில் 8.6. மூன்றையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 6.7 செ.மீ. தோல் சீக்கிரம் சூடேறும், உள்ளேயிருக்கும் சட்டம் மெதுவாகத்தான் சூடேறும். இரண்டையும் இறுக்கி இணைத்தால் தகடு நெளிந்துவிடும். இறக்கையின் தோலில் முன்பின்னாக ஓடும் மடிப்புகளை வரையுங்கள். சூடேறும்போது மடிப்பு கொஞ்சம் ஆழமாகுமே தவிர தகடு கோணாது.

இனி காற்று நுழைவாய். வாய் திறந்த வெறுங்குழாயை வைத்தால் அதன் முன்னால் ஒரே ஒரு நேர்க்குத்து அதிர்ச்சி அலை (காற்றின் வேகம் சட்டென்று விழுந்து அழுத்தம் எகிறும் மெல்லிய எல்லை) நிற்கும். மாக் 3.2-ல் அதைக் கடந்த பிறகு மொத்த அழுத்தத்தில் மிஞ்சுவது 28 சதவீதம்தான். நடுவில் கூம்பு வைத்து, சாய்வான அலைகளால் காற்றைப் படிப்படியாக அடக்குங்கள். கூம்பு நகர வேண்டும்: ஒய்எஃப்-12ஏ-வின் ஜே58 எஞ்சினுக்கு முன்னாலிருந்த கூம்பு மாக் 1.6-ல் பின்வாங்கத் தொடங்கி மொத்தம் 66 செ.மீ. வரை உள்ளே போகும். உச்ச வேகத்தில் உந்துவிசையில் ஏறக்குறைய 54 சதவீதம் நுழைவாயின் பங்கு, எஞ்சினுக்கு வெறும் 17, மீதி பின்முனைக் குழலுக்கு.

கடைசி அதிர்ச்சி அலை நுழைவாயின் குறுகலான கழுத்தைச் சற்றே தாண்டி நிற்க வேண்டும். பின்னால் அழுத்தம் மிகுந்தால் அது வெளியே துப்பப்படும். அந்தப் பக்கத்து உந்துவிசை சட்டென்று விழ, மூக்கு அதே பக்கமாக வெட்டித் திரும்பும். எஞ்சின்கள் இறக்கையின் நடுவில், உடலைவிட்டுத் தள்ளி இருப்பதால் உதை பலமாக இருக்கும். மிகை அழுத்தத்தை வெளியேற்றக் கதவுகளையும், கூம்பை முன்னே தள்ளி அலையைத் திரும்ப உள்ளே இழுக்கும் ஏற்பாட்டையும் வரைபடத்தில் சேருங்கள்.

ரேடாரைக் கடைசியில் செருகிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஏஎஸ்ஜி-18 ரேடாருக்காக ஒய்எஃப்-12ஏ-வின் மூக்கை உருண்டையாக்கி, பக்கவாட்டு விளிம்புகளை வெட்டினார்கள். அதனால் திசை நிலைப்பு (மூக்கு பக்கவாட்டில் விலகாமல் நேராக நிற்கும் தன்மை) குறைந்தது. ஈடுகட்ட ஒவ்வொரு எஞ்சின் கூட்டின் அடியிலும் ஒரு துடுப்பு, வயிற்றின் நடுவில் தரையிறங்கும்போது மடங்கும் பெரிய துடுப்பு ஒன்று.

கடைசியாக, இடைமறிக்கும் கணக்கு. மாக் 3.2 என்பது நொடிக்கு 944 மீட்டர். 35 டிகிரி சாய்ந்து திரும்பினால் வளைவின் ஆரம் 130 கி.மீ. (வேகத்தின் வர்க்கத்தை 9.81 × 0.70 ஆல் வகுங்கள்; 9.81 புவியீர்ப்பு முடுக்கம், 0.70 என்பது 35 டிகிரியின் டேன்ஜென்ட்). எதிரே மாக் 0.8-ல் வரும் குண்டுவீச்சு விமானத்தை ரேடார் 160 கி.மீ. தொலைவில் பிடித்தாலும், இரண்டும் நெருங்கும் வேகம் நொடிக்கு 1,180 மீட்டர். கையில் இருப்பது 136 நொடி. தவறவிட்டுத் திரும்பினால் 260 கி.மீ. தள்ளித்தான் எதிர்த்திசையைப் பிடிப்பீர்கள். எனவே முதல் சந்திப்பிலேயே ஏவ வேண்டும். இறங்கி வந்து சுடவும் நேரமில்லை, கீழ்நோக்கிச் சுடும் ஏவுகணை அவசியம். ஒய்எஃப்-12ஏ 3 ஏஐஎம்-47 ஏவுகணைகளை உடலுக்குள்ளேயே சுமந்தது. சோதனையில் ஏவிய 7-ல் 6 வென்றன. அவற்றில் ஒன்று 74,000 அடி உயரத்திலிருந்து புறப்பட்டு, தரையிலிருந்து 500 அடியில் பறந்த ஆளில்லா பி-47 குண்டுவீச்சு விமானத்தைத் தாக்கியது.