டச்சு வெள்ளிச் சில்லறை: சேர்க்கிறவர்கள் சறுக்கும் இடங்கள்

என் முதல் டச்சுக் காசை நானே கெடுத்தேன். நெதர்லாந்து ராஜா மூன்றாம் வில்லெம் காலத்துப் பத்து சென்ட். அந்த ஊர்க்காரர்கள் ‘டுபெல்ச்சே’ என்பார்கள். 15 மில்லிமீட்டர்தான், சட்டைப் பொத்தான் அளவு. கறுத்துக் கிடக்கிறதே என்று குத்துவிளக்கைத் துலக்குகிற மாதிரி விபூதி போட்டுத் தேய்த்தேன். பளபளப்பு வந்தது, ராஜாவின் முடியிழைகள் போயே போய்விட்டன. அந்தக் கறுப்பு அழுக்கல்ல, வெள்ளியில் காலம் போட்ட படலம். சேகரிப்பவர்கள் அதற்குத்தான் விலை கொடுக்கிறார்கள். பிசுக்கு இருந்தால் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய துணியால் ஒற்றியெடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்தது, ஆண்டை மட்டும் படித்துவிட்டு முடிவு கட்டுவது. 1849 என்றிருந்தால் அது யார் காசு? இரண்டாம் வில்லெம் அந்த மார்ச்சில் இறந்தார், மகன் மூன்றாம் வில்லெம் பட்டத்துக்கு வந்தார். இருவர் பெயரிலும் 1849 பத்து சென்ட் உண்டு. பெயருக்குப் பின்னால் வரும் ரோமன் எண்ணில் கோடு இரண்டா (II), மூன்றா (III) என்று பத்து மடங்கு லென்ஸில் எண்ண வேண்டும். முதலாம் வில்லெமின் சில்லறையில் தலையே கிடையாது, கிரீடம் வைத்த ‘டபிள்யூ’ மட்டும். அதில் குட்டி ‘பி’ எழுத்து இருந்தால் பிரஸ்ஸல்ஸில் அடித்தது (1830 வரை பெல்ஜியமும் அந்த ராஜ்யத்தில்தான்), தீப்பந்தம் இருந்தால் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் அடித்தது. ஒரே ஆண்டிலேயே இரண்டுக்கும் விலை வேறுபடலாம்.

டச்சு இந்தியத் தீவுகளுக்கு, அதாவது இன்றைய இந்தோனேசியாவுக்கு, அடித்த 1/10 கில்டர் காசையும் (ஒரு கில்டர் என்பது நூறு சென்ட்) பலர் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அதன் பின்பக்கத்தில் மலாய், ஜாவா எழுத்துகள் இருக்கும். எடை 1.25 கிராம், வெள்ளி 72 சதவீதம். தாய்நாட்டு டுபெல்ச்சே 1.4 கிராம், ஆனால் வெள்ளி 64 சதவீதம்தான். பெருக்கிப் பாருங்கள்: இரண்டிலுமே ஏறக்குறைய 0.9 கிராம்! ஆக, ‘சுத்த வெள்ளி சார்’ என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துக்கொண்டே தராசைக் கேளுங்கள். இரண்டு தசமம் காட்டுகிற தராசாக இருக்க வேண்டும், சமையலறைத் தராசு இதற்கு உதவாது.

அப்புறம், விளிம்பு. இந்தக் காசுகளை ப்ரூச்சாகவும் (உடையில் குத்தும் அணி) வளையல் தொங்கட்டானாகவும் பொத்தானாகவும் பற்றவைத்து அணிந்தார்கள். கொக்கியை எடுத்த பிறகும் பற்று வைத்த இடம் லேசாக மேடிட்டு, நிறம் மாறித் தெரியும். படத்தில் விளிம்பு தெரியாவிட்டால் இன்னொரு படம் கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

வாங்கியதை மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள். சில வருடங்களில் பச்சையாகப் பிசுபிசுக்கும். மைலார் (பாலியெஸ்டர்) உறை இரண்டு ரூபாய் கூட ஆனாலும் பரவாயில்லை.