உவர் சதுப்பில் மடவையும் ஆளியும்: தீவன மூட்டை இல்லாமல் வளர்ப்பது எப்படி?

இந்த முறையில் தீவனச் செலவு கிடையாது. ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஏறும்போது கடல்நீர் குளத்துக்குள் வருகிறது. அதில் வளரும் பாசியையும் அடிச்சேற்றுப் படிவையும் மடவை மீன் மேய்கிறது. நீர் வடியும் கால்வாயில் ஆளி, அதாவது உண்ணும் சிப்பி, மிச்சமுள்ள நுண்பாசியை வடிகட்டித் தின்கிறது. மீன் கழிவு உரமாகிப் பாசியை வளர்க்க, அந்தப் பாசி சிப்பியின் சதையாகிறது. நீங்கள் கவனிக்க வேண்டியது நீர் வந்துபோகும் வழியைத்தான்.

1. இடம்: புதிதாகத் தோண்டாதீர்கள்

ஆர்வக்கோளாறில் பலர் சறுக்குவது இங்கேதான். சதுப்பின் கருஞ்சேற்றில் பைரைட் என்ற இரும்பு, கந்தகச் சேர்மம் இருக்கும். நீருக்கடியில் இருக்கும்வரை அது சாது. தோண்டிக் கரையில் போட்டால் காற்றுப் பட்டு கந்தக அமிலமாக மாறும். மழை பெய்ததும் அமிலம் குளத்தில் இறங்கி மீனைக் கொல்லும். சேற்றை ஒரு டப்பாவில் எடுத்து, ஈரம் காயாமல் சில வாரம் காற்றில் வைத்து பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) பாருங்கள். 4-க்குக் கீழே போனால் அந்த மண்ணைக் கிளறவே வேண்டாம். உயிருள்ள சதுப்புப் புல்லை அழிக்காமல், கைவிடப்பட்ட உப்பளப் பாத்தியையோ பழைய குளத்தையோ தேடுவதே என் யோசனை. பிரான்சின் மரென்-ஒலெரோனில் பழைய உப்புப் பாத்திகளில்தான் இன்றும் சிப்பியைக் கொழுக்க வைக்கிறார்கள். எந்த இடமானாலும் அனுமதி வாங்கிய பிறகே கைவையுங்கள்.

2. மதகு

நீர் வர ஒன்று, போக ஒன்று. இரண்டிலும் குஞ்சு நழுவாத அளவுக்கு நெருக்கமான வலை வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் உயர ஏறும். நிறைய நீர் மாற்ற அதுவே நேரம். மதகுக்கு ஒற்றைக் கதவு வைக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகும் பலகைகளை வையுங்கள். கனமழையில் நன்னீர் மேலே மிதக்கும். மேல் பலகையை மட்டும் எடுத்தால் நன்னீர் வழிந்துவிடும், உப்புநீர் அடியில் தங்கும்.

3. மடவைக் குஞ்சு

சதுர மீட்டருக்கு ஒன்றுக்கும் குறைவாக விடுங்கள். பேராசைப்பட்டால் தீவனம் வாங்க வேண்டிவரும், அப்புறம் கழிவு மிஞ்சும், கணக்கே குலைந்துவிடும். குஞ்சுப் பையைக் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, குளத்து நீரைச் சிறிது சிறிதாகக் கலந்து, பிறகே திறந்துவிடுங்கள்.

4. ஆளி

வலைப்பைகளில் போட்டு, சேற்றிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் மேசை போன்ற சட்டங்களில் கட்டுங்கள். நீர் ஓட்டம் படும் இடமாக இருக்கட்டும். இல்லையென்றால் அவற்றின் கழிவே அடியில் குவிந்து அழுகும். நீர் வற்றும்போது சில மணி நேரம் வெளியே தெரிந்தால் நல்லதுதான், ஓட்டின் மேல் ஒட்டி வளரும் உயிர்கள் காய்ந்து உதிரும். பைகளை அவ்வப்போது புரட்டிப் போடுங்கள்.

5. தினசரி

கரைந்த ஆக்சிஜனை விடியலுக்குச் சற்று முன் அளக்க வேண்டும், அப்போதுதான் அது மிகக் குறைவாக இருக்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நிம்மதி. 3-க்கு வந்தால் உடனே நீர் மாற்ற வேண்டும். வெள்ளைத் தட்டு ஒன்றைக் குச்சியில் கட்டி நீரில் இறக்குங்கள். 30 செ.மீ. ஆழத்தை ஒட்டி மறைந்தால் பாசி அளவாக இருக்கிறது. 20-க்குள்ளேயே மறைந்தால் அதிகம்.

6. அறுவடை

சிப்பி எதை வடிகட்டியதோ அது நம் தட்டுக்கும் வரும். கழிவுநீர் கலக்கும் ஓடை அருகில் இருந்தால் சிப்பி வளர்க்கவே வேண்டாம். கடலில் நச்சுப்பாசி பெருகும் காலத்தில் சிப்பியை எடுக்கக் கூடாது. அந்த நஞ்சு சமைத்தாலும் போகாது. விற்கும் முன் ஆய்வகச் சோதனை கட்டாயம்.

மீன் பிடிக்கக் குளத்தை வடிக்கும் நாளில் கிளறிய சேறெல்லாம் கால்வாய் வழியாகத்தான் போகும். அதனால் முந்தின நாளே ஆளிப் பைகளை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.