ஸ்லோ குக்கரில் சிக்கன் மீட்பால்: பொரிக்க வேண்டாம், முந்தைய இரவே தயார்

ஸ்லோ குக்கரை, அதாவது குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்சாரப் பானையை, சிபாரிசு செய்கிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: காலையில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிட்டு வேலைக்குப் போங்கள், மாலையில் வந்தால் சாப்பாடு தயார். எலும்புக்கறி, கடினமான மாட்டிறைச்சித் துண்டு மாதிரி சமாச்சாரங்களுக்கு அது சரி. மீட்பாலுக்கு, அதாவது கறி உருண்டைக்கு, ஒத்துவராது. கீமா (மெஷினில் அரைத்த கறி) 'லோ' என்ற குறைந்த சூட்டில் 4 முதல் 5 மணி நேரத்தில் வெந்துவிடும். அதை 9, 10 மணி நேரம் போட்டு வைத்தால் உருண்டை வறண்டுபோகும், கிண்டினால் சாஸில் உதிரும்.

இந்தக் கருவி எதற்காக வந்தது என்று பார்த்தால் காரணம் புரியும். இதற்கு 1940-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் இர்விங் நாக்ஸன். யூதக் குடும்பங்களில் சனிக்கிழமை ஓய்வுநாள், அன்று அடுப்பு மூட்டமாட்டார்கள். அதனால் வெள்ளி மாலையே பீன்ஸும் இறைச்சியும் போட்ட பானையைப் பேக்கரி அடுப்பில் வைத்துவிட்டு, மறுநாள் எடுத்துச் சாப்பிடுவார்கள். அம்மா சொன்ன அந்தக் கதையிலிருந்துதான் அவருக்கு யோசனை வந்தது என்பார்கள். பிறகு ரைவல் என்ற நிறுவனம் அவருடைய கம்பெனியை வாங்கி, 1971-இல் 'கிராக் பாட்' என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்தது. ஆக, ராத்திரி முழுக்க வேகவேண்டிய பண்டங்களுக்காகப் பிறந்த பானை இது. கறித்துண்டில் இருக்கும் கெட்டியான நார் கரைய அத்தனை நேரம் வேண்டும். கீமாவில் அந்த வேலையை மெஷினே முடித்துவிட்டது.

அதனால் நான் சொல்லப்போகும் வழி இதுதான்: முந்தைய நாள் இரவு சமைத்து ஃபிரிட்ஜில் வைப்பது, மறுநாள் வீட்டுக்கு வந்ததும் பத்து நிமிடத்தில் சூடாக்கிப் பரிமாறுவது. ஒரு ராத்திரி ஊறினால் மீன்குழம்புக்கு ஏறும் ருசி இதற்கும் ஏறும்.

தேவையானவை (4 பேருக்கு)

உருண்டைக்கு: சிக்கன் கீமா 500 கிராம், ஓட்ஸ் அரை கப், பால் கால் கப், முட்டை 1, சின்ன வெங்காயம் 5 (அல்லது சிறிய பெரிய வெங்காயம் 1), கேரட் 1, பூண்டு 3 பல், ஒரு கைப்பிடி கொத்தமல்லித்தழை, மிளகுத்தூள் 1 டீஸ்பூன், சோம்புத்தூள் அரை டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன்.

சாஸுக்கு: 400 கிராம் தக்காளி டின் 2, தக்காளி பேஸ்ட் 2 டேபிள்ஸ்பூன், பெரிய வெங்காயம் 1, பூண்டு 4 பல், ஆலிவ் எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன், காய்ந்த ஆரிகானோ 1 டீஸ்பூன், மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன்.

கீமா வாங்கும்போது ஒரு விஷயம். 'ஆரோக்கியம்' என்றதும் கொழுப்பே இல்லாத நெஞ்சுக்கறி கீமாவைத்தான் கை தேடும். அதை மட்டும் போட்டால் உருண்டை ரப்பர் மாதிரி ஆகிவிடும். தொடைக்கறி கலந்த கீமா வாங்குங்கள். கொழுப்பைக் கணக்குப் பார்க்க வேண்டிய இடம் அது இல்லை. இங்கே எண்ணெயில் பொரிப்பதே கிடையாது, மொத்தத்துக்கும் ஒரு டேபிள்ஸ்பூன்தான். நான் கவனிக்கச் சொல்வது உப்பை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு சேரவேண்டும் என்கிறது. மேலே சொன்ன அளவில் உருண்டை வழியாக ஆளுக்கு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். உப்புச் சேர்க்காத தக்காளி டின் கிடைத்தால் அதையே எடுங்கள். பாட்டில் பாஸ்தா சாஸ் வேண்டாம், உப்போடு சர்க்கரையும் சேர்த்திருப்பார்கள்.

1. ஓட்ஸை ஊறவைப்பது

ஓட்ஸை மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றி, பாலில் 10 நிமிடம் ஊறவையுங்கள். கஞ்சி மாதிரி குழைய வேண்டும். செய்முறை முழுவதிலும் முக்கியமான படி இதுதான், அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். சூடு ஏறும்போது இறைச்சியின் புரதம் சுருங்கி, உள்ளே இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். ஊறிய மாவு இடையில் புகுந்து, புரதம் இறுக்கமாகக் கோத்துக்கொள்ளாமல் தடுக்கிறது, வெளியேறும் நீரையும் பிடித்து வைக்கிறது. கோலா உருண்டையில் பொட்டுக்கடலை மாவை உலர்ந்தபடியே சேர்ப்போம். எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரிய அது வேண்டும். இங்கே மெதுவாக, மிருதுவாக வேகவேண்டும், அதனால் ஈரமான பிணைப்பு.

2. பிசைவது

வெங்காயத்தையும் கேரட்டையும் பொடியாகத் துருவி, கையால் பிழிந்து நீரை எடுத்துவிடுங்கள். கேரட்டுக்குப் பதில் பிஞ்சுச் சுரைக்காயோ சுக்கினியோ போடலாம், ஆனால் இன்னும் நன்றாகப் பிழிய வேண்டும். காய்கறியைக் கண்டாலே தட்டைத் தள்ளிவைக்கும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இந்தத் துருவல் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும்.

கீமாவைக் கழுவாதீர்கள். நம் வீடுகளில் கறி என்றால் மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் கழுவாமல் மனசு கேட்காது, தெரியும். கீமாவைக் கழுவினால் அது தண்ணீரைக் குடித்துவிடும், உருண்டை பிடிக்க வராது. கிருமி போகாது, தெறிக்கிற நீரில் தொட்டி முழுக்கப் பரவும். சமைக்கும் சூட்டில்தான் அது சாகும்.

எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் போட்டு, விரல் நுனியால் ஒரு நிமிடம் கலந்தால் போதும். சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசைந்தால் கடிக்கும்போது இழுக்கும். உப்புக் காரம் பார்க்க, ஒரு சிட்டிகை எடுத்துத் தோசைக்கல்லில் சுட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். பச்சையாக நாக்கில் வைக்க வேண்டாம்.

3. உருட்டுவது, நிறம் ஏற்றுவது

கையில் தண்ணீர் தொட்டுக்கொண்டு சின்ன எலுமிச்சை அளவில் உருட்டுங்கள். ஒன்று சுமார் 35 கிராம், மொத்தம் 20 வரை வரும். எல்லாம் ஒரே அளவாக இருந்தால்தான் ஒன்றாக வேகும்.

ஸ்லோ குக்கருக்குள் ஈரமான சூடு, அது கொதிநிலையைத் தாண்டாது. கறி சிவந்து வறுத்த மணம் வர அதைவிட நிறையச் சூடு தேவை. ஆகவே ஓவனை 220 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, தட்டில் பேக்கிங் தாள் விரித்து 10 நிமிடம் வைத்து எடுங்கள். ஏர் ஃபிரையர் இருந்தால் 200 டிகிரியில் 8 நிமிடம். நேரமே இல்லை என்றால் இதை விட்டுவிடலாம், வெந்துவிடும். நிறம் மட்டும் வெளிறி இருக்கும், சீக்கிரம் உடையும்.

நிறம் ஏறிய உருண்டை நேராகக் குக்கருக்குள் போக வேண்டும். 'மீதியை நாளைக்கு வேகவைக்கலாம்' என்று அரைவேக்காட்டில் ஃபிரிட்ஜில் எடுத்து வைப்பது ஆபத்து. உள்ளே வேகாத பகுதியில் கிருமி பெருக அந்த வெதுவெதுப்பு போதும்.

4. சாஸ்

உருண்டை ஓவனில் இருக்கும்போதே எண்ணெயில் வெங்காயம், பூண்டை வதக்கி, தக்காளி பேஸ்டைச் சேர்த்துப் பச்சை வாசனை போகும்வரை கிளறுங்கள். மிளகாய்த்தூள், ஆரிகானோ, டின் தக்காளி போட்டு ஒரு கொதி விடுங்கள். தண்ணீர் ஒரு சொட்டுகூட வேண்டாம். குழம்பு வைத்துப் பழகிய கை தானாகச் சொம்பைத் தேடும், அடக்கிக்கொள்ளுங்கள். மூடிய குக்கரில் ஆவி வெளியே போகாது, போட்ட நீர் அப்படியே நிற்கும், கறியும் கொஞ்சம் நீர் விடும்.

நாட்டுத் தக்காளிதான் இருக்கிறது என்றால் 800 கிராம் எடுத்து அரைத்து, பாதியாக வற்றும்வரை அடுப்பிலேயே காய்ச்சிவிட்டு ஊற்றுங்கள்.

5. குக்கரில் வேகவைப்பது

பாதி சாஸை ஊற்றி, உருண்டைகளை அடுக்கி, மீதியை மேலே ஊற்றுங்கள். குக்கர் பாதிக்கு மேல், முக்காலுக்குக் கீழ் நிறைந்திருப்பது நல்லது. இந்த அளவுக்கு 3 முதல் 4 லிட்டர் குக்கர் பொருந்தும். வார நாள் இரவென்றால் 'ஹை'யில் இரண்டு, இரண்டரை மணி நேரம். ஏழு மணிக்கு வைத்தால் படுக்கப் போவதற்குள் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை என்றால் 'லோ'வில் 4 மணி நேரம், ருசி ஒரு படி கூடுதல்.

நடுவில் மூடியைத் திறக்காதீர்கள். ஒரு முறை திறந்தால் இழந்த சூடு திரும்ப 15, 20 நிமிடமாவது பிடிக்கும். முதல் ஒரு மணி நேரம் கரண்டியும் போடவேண்டாம், உருண்டை இறுகட்டும்.

முடிந்ததா என்று பார்க்கச் சமையல் தெர்மாமீட்டர்தான் நம்பகம். நடுவில் இருக்கும் உருண்டையில் குத்தினால் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும், கோழிக்கு அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்லும் அளவு அது. நிறத்தைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள், தக்காளிச் சிவப்பு ஏமாற்றும். பிறகு உப்புச் சரிபார்த்து, கொத்தமல்லித்தழை தூவுங்கள்.

6. எடுத்து வைப்பதும் மறுநாளும்

பீங்கான் பானையோடு ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. உள்ளே ஆற வெகுநேரமாகும், மறுநாள் குளிர்ந்த பானையைச் சூடாக்கினால் விரிசலும் விடலாம். அகலமான, ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்துப் போட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். 3, 4 நாள் தாங்கும்.

மறுநாள் அடுப்பில் கடாயை வைத்துக் கொதிக்கச் சூடாக்குங்கள். ஸ்லோ குக்கரிலேயே திரும்பச் சூடாக்குவது கூடாது, சூடு ஏறுவதற்குள் வெதுவெதுப்பில் கிடக்கும் நேரம் அதிகம். அதே காரணத்துக்காகத்தான், உறைந்த இறைச்சியையும் நேராகக் குக்கரில் போடக் கூடாது, முந்தைய நாளே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இறக்கி உறைநீக்க வேண்டும்.

ஸ்பகெட்டியோடு சாப்பிடலாம், சோற்றோடும் நன்றாகவே இருக்கும். எனக்குப் பிடித்தது சப்பாத்தி, பக்கத்தில் வெள்ளரிக்காய்த் தயிர்ப்பச்சடி. ஆட்டுக்கறிக் கொத்துக்கறியில் செய்வதென்றால் கொழுப்பு சாஸில் மிதக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுக்கும்போது அது மேலே கட்டியாக உறைந்திருக்கும், கரண்டியால் வழித்து எடுத்துவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள்.