கலிஃபோர்னியா பாணி உணவகத்தில் நிறைவாகச் சாப்பிடுவது எப்படி?

கலிஃபோர்னியாவில் ஆடம்பரமில்லாத, குடும்பத்தோடு போய் உட்காரக்கூடிய ஓர் உணவகத்தைப் பற்றி நான்கு பேரிடம் விசாரித்தால் நான்கு விதமாகச் சொல்வார்கள். ஒருவருக்கு அங்கே சாப்பிட்ட பீச் பழத்தின் சுவை இன்னும் நாக்கிலேயே நிற்கும். இன்னொருவருக்கு நாலு இலைக்கும் இரண்டு கேரட்டுக்கும் 20 டாலர் கொடுத்த வயிற்றெரிச்சல் இன்னும் தீர்ந்திருக்காது. இருவர் சொல்வதும் உண்மைதான் என்பதை, இத்தகைய இடங்களில் நன்றாகவும் மோசமாகவும் பலமுறை சாப்பிட்ட பிறகே நான் புரிந்துகொண்டேன். எந்த மாதத்தில் போகிறோம், எதைக் கேட்டு வாங்குகிறோம் என்பதைப் பொறுத்து அடியோடு மாறிவிடுகிற சமையல் இது.

இந்தப் பாணியின் வேரைத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். 1971இல் பெர்க்லி நகரில் ஆலிஸ் வாட்டர்ஸ் தொடங்கிய ஷே பனீஸ் உணவகம், அன்றன்று கிடைக்கும் பொருளுக்கு ஏற்ப அன்றன்றைய மெனுவை எழுதியது. 1980இல் அதன் மாடியில் விறகடுப்பு பீட்சாவுடன் எளிய கஃபே ஒன்றும் திறக்கப்பட்டது. இடையில் 1977இல் விதிகள் தளர்த்தப்பட்டு, விவசாயிகள் தங்கள் விளைச்சலை மக்களிடம் நேரடியாக விற்கும் சந்தைகள் பெருகின. ஆகவே இங்கே சமையற்காரரின் திறமை பெரும்பாலும் நல்ல பொருளைத் தேர்ந்தெடுப்பதிலும், அதன்மேல் அதிகம் கைவைக்காமல் விடுவதிலும்தான் இருக்கிறது. நம் குழம்பில் சுமாரான கத்தரிக்காயைக்கூடப் புளியும் மிளகாயும் கரையேற்றிவிடும். உப்பும் ஆலிவ் எண்ணெயும் மட்டுமே சேர்க்கிற தட்டில் காய் சுமாராக இருந்தால் மறைக்க எதுவும் இல்லை.

அதனால் போவதற்கு முன் பருவத்தைப் பாருங்கள். ஓர் உணவகத்தில் மார்ச் மாதத்தில் தக்காளி சாலட் வாங்கினேன். வெளிறிய துண்டுகள் குளிர்பெட்டியின் சில்லிப்போடு வந்தன. தட்டின் அடியில் நிறமற்ற நீர் தேங்கியிருந்தது. அதே உணவகத்தில் அதே சாலட்டைச் செப்டம்பரில் வாங்கியபோது வந்தவை சான்டா குரூஸ் பக்கத்தில் விளைந்த, நட்டு வேர்பிடித்த பின் ஏறக்குறைய நீரே பாய்ச்சாமல் வளர்க்கப்படும் சிறு தக்காளிகள். நீர் குறைவதால் காய் சிறுத்து, புளிப்பும் இனிப்பும் அதற்குள்ளேயே திரண்டுவிடுகின்றன. தட்டில் கசிந்திருந்த சாற்றை என் அம்மா ரொட்டியால் வழித்து வழித்துச் சாப்பிட்டார். மார்ச்சில் போனவர் திட்டியதும் செப்டம்பரில் போனவர் புகழ்ந்ததும் ஒரே மெனுவின் ஒரே வரியைத்தான்.

வசந்தத்தில் அஸ்பாரகஸ், பச்சைப் பட்டாணி, ஸ்ட்ராபெர்ரி. ஜூலையில் பீச், மக்காச்சோளம். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை தக்காளி, அத்தி. குளிர்காலத்தில் ஆரஞ்சு, மேயர் எலுமிச்சை, பீட்ரூட் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். டஞ்ஜனஸ் நண்டுக்கு வழக்கமாக நவம்பரில் பருவம் தொடங்கும். நண்டு பிடிக்கும் கூண்டுகளின் கயிறுகளில் திமிங்கிலங்கள் சிக்காமலிருக்கச் சில ஆண்டுகளில் அதைத் தள்ளிவைக்கிறார்கள்.

மற்றவர்களின் அனுபவங்களைக் கேட்கும்போதும் இதே கண்ணோடு கேட்க வேண்டும். எந்த மாதத்தில் போனார், என்ன வாங்கினார், எதை எதிர்பார்த்துப் போனார் என்று விசாரியுங்கள். 'காய் வேகவே இல்லை' என்பது பெரும்பாலும் குறையல்ல. கடித்தால் மொறுமொறுக்க வேண்டும் என்றே அப்படிச் சமைக்கிறார்கள். ஆனால் வெவ்வேறு மாதங்களில் போன மூவர், உப்பு கரித்தது என்றோ ஒரு மணி நேரம் காத்திருந்தோம் என்றோ ஒரே குறையைச் சொன்னால் அதை நம்பலாம். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் 1998 முதல் வாசலில் ஒட்டப்படும் ஏ, பி, சி என்ற எழுத்து சுகாதாரச் சோதனையின் மதிப்பெண். சுவைக்கு அது சான்றாகாது.

உட்கார்ந்ததும் மெனுவை நிதானமாகப் படியுங்கள். ஒரே பக்கத்தில், தேதியிட்டு, பருவத்துக்குரிய காய்கறிகளோடு இருந்தால் நல்ல அறிகுறி. 'இன்று எது நன்றாக வந்திருக்கிறது?' என்று பரிமாறுபவரிடம் கேட்பதில் கூச்சமே வேண்டாம்; நான் சாப்பிட்ட நல்ல சாப்பாடுகளில் பாதி இந்தக் கேள்வியால்தான் கிடைத்தன. தட்டுகள் சிறியவை, பகிர்ந்து உண்பதற்கானவை. தயாராகத் தயாராக ஒவ்வொன்றாய் வரும். வயதானவர்களோ குழந்தைகளோ உடன் இருந்தால், அவர்களுக்கானதை முதலில் கொண்டுவரும்படி சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்காமல், மூன்று தட்டு வாங்கிப் பார்த்துவிட்டு மேலே வாங்குவது நல்லது. காரம் போதாது என்று தோன்றினால் மிளகாய்ச் செதிலோ ஊறுகாயாகப் போட்ட ஹலபீன்யோ என்ற பச்சை மிளகாயோ கேட்கலாம். தட்டு வந்ததுமே கொட்டிவிடாமல் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்த பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சைவ உணவினர் சற்று விழிப்பாக இருக்க வேண்டும். சீசர் சாலட்டில் இலைகளோடு கலக்கும் குழைவில் (டிரெஸ்ஸிங்) நெத்திலி வகை மீன் சேர்வது வழக்கம். காய்கறி சூப்பைக் கோழி எலும்புச் சாற்றில் கொதிக்கவைத்திருக்கலாம். மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். காப் சாலட்டில் பன்றி இறைச்சி உண்டு. 'வெஜிடேரியனா?' என்று பொதுவாகக் கேட்பதைவிட, 'இதில் மீனோ இறைச்சிச் சாறோ கொழுப்போ சேர்கிறதா?' என்று பெயர் சொல்லிக் கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும்.

பலருடைய கசப்பு பில்லில்தான் தொடங்குகிறது. மெனுவில் உள்ள விலையில் விற்பனை வரி சேர்ந்திருக்காது. மாநில அளவில் குறைந்தது 7.25 சதவீதம், ஊரைப் பொறுத்து அதற்கு மேலும் உண்டு. டிப்ஸ் 18 முதல் 20 சதவீதம் வரை கொடுப்பது இப்போதைய வழக்கம். 20 டாலர் தட்டுக்கு 9 சதவீத வரி 1.80, டிப்ஸ் 4 என்று கணக்கிட்டால் 25.80 டாலர் ஆகிவிடுகிறது. சில உணவகங்கள் ஊழியர் நலனுக்கென்று தனிக் கட்டணமும் சேர்க்கின்றன. 2024 ஜூலை முதல் அதை மெனுவில் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பெரும்பாலும் அடிவரியில் அச்சிட்டிருப்பார்கள். சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருந்தால், டிப்ஸ் தனியாக வேண்டுமா என்று கேட்டுவிட்டே எழுதுங்கள்.

சிமென்ட் தரையும் திறந்த சமையலறையும் உள்ள கூடங்களில் வெள்ளி, சனி இரவுகளில் எதிரே இருப்பவர் பேசுவதே கேட்காது. மாலை ஐந்தரைக்கே போய்விடுங்கள், அல்லது வெளி முற்றத்தில் இடம் கேளுங்கள். கடலோர நகரங்களில் கோடையிலும் மாலையில் குளிரும், ஸ்வெட்டர் அவசியம்.

குறை இருந்தால் தட்டு மேசையில் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். ஒருமுறை கோழியில் எலும்பையொட்டிச் சிவப்பாக, வேகாமல் இருந்தது; பேசாமல் ஓரமாக ஒதுக்கிவிட்டு, முழுப் பணமும் கொடுத்து, வீடுவரை முணுமுணுத்துக்கொண்டே வந்தோம். வேறோர் இடத்தில் அதே குறை நேர்ந்தபோது பரிமாறிய பெண்ணை அழைத்து, வெட்டிய துண்டைக் காட்டினேன். அவர் மன்னிப்புக் கேட்டுத் தட்டை எடுத்துப் போனார். பத்து நிமிடத்தில் தோல் முறுகலாக வெந்த புதிய கோழி வந்தது, பில்லில் அதற்கு விலை போடப்படவில்லை.