விரலுக்கு இசைந்த தமிழ் விசைப்பலகையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

திறன்பேசியில் நாள்தோறும் தமிழில் எழுதுபவர், விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியவை விசையின் அகலமும், ஒரு சொல்லை எழுதி முடிக்கத் தேவைப்படும் தொடுகைகளின் எண்ணிக்கையும்தான். வண்ணமும் ஸ்டிக்கரும் பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியவை.

பெரும்பாலான பேசிகளில் திரையின் அகலம் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர். ஆங்கில விசைப்பலகையின் மேல் வரிசையில் 10 விசைகள் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் 7 மில்லிமீட்டர் கிடைக்கிறது. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பின் மேல் வரிசையை முழுமையாகக் காட்டினால் 12 விசைகள் வரும். ஒன்றுக்கு 6 மில்லிமீட்டர்கூடத் தேறாது. விரல் பருத்தவர்கள் இதைக் கண்டதுமே, ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழைப் பெறும் அஞ்சல் முறைக்குப் போய்விடுகிறார்கள். அது சற்று அவசரமான முடிவு என்பேன்.

'கிணறு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். தமிழ்99இல் க, இ, ண, ற, உ என்று ஐந்து தொடுகைகளில் அது முடிந்துவிடும். அஞ்சலில் ஆறு எழுத்துகளைத் தட்டுவதோடு, ணகரத்துக்கும் றகரத்துக்கும் தனித்தனியாக ஷிஃப்டையும் தொட வேண்டியிருப்பதால் எட்டாகிறது. 'பக்கம்' என்று எழுதுகையில் ககரத்தை இருமுறை தொட்டால் தமிழ்99 முதல் ககரத்துக்குத் தானே புள்ளி வைத்துவிடும். 'ந'வை அடுத்துத் 'த' வந்தாலும் அப்படியே. தொடுகை குறையக் குறைய, விரல் தவறும் வாய்ப்பும் குறைகிறது. ஆனால் ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவை தமிழ்99இல் ஷிஃப்டுக்குப் பின்னே இருப்பதால், வடமொழிப் பெயர்களை மிகுதியாக எழுதுபவருக்கு இந்த ஆதாயம் ஓரளவு கரைந்துவிடும்.

ஐபோனில் இவ்விரு முறைகளும் உடன் வருகின்றன. ஆண்ட்ராய்டில் செல்லினம் என்ற விசைப்பலகைச் செயலி இரண்டையும் தருகிறது. கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டில், ஆங்கில எழுத்தில் தட்டுவதைத் தமிழாக்கும் ஒலிபெயர்ப்பு முறை சொல்லை ஊகித்துப் பரிந்துரைப்பதால் பேச்சு வழக்குக்கு வசதியானது. ஊர்ப்பெயர், ஆட்பெயர் என்று வரும்போதுதான் பரிந்துரைப் பட்டையில் தேட வேண்டியிருக்கும்.

விசையின் அகலத்தைத் திரை தீர்மானித்துவிடுகிறது. உயரத்தை மட்டும் ஜிபோர்டு போன்ற சில செயலிகளின் அமைப்புகளில் கூட்டிக்கொள்ளலாம். மேல் வரிசைக்கும் நடு வரிசைக்கும் இடையே விரல் தடுமாறுபவர்கள் செயலியை மாற்றும் முன் இதைச் செய்து பார்க்க வேண்டும். விசைப்பலகையைத் திரையின் ஒரு பக்கமாக ஒதுக்கும் 'ஒரு கை முறை' விசைகளை இன்னும் ஒடுக்கிவிடுவதால், கட்டைவிரல் மறுகோடியை எட்டாத பெரிய பேசிகளுக்கு மட்டுமே அது பொருந்தும்.

முடிவெடுக்கும் முன், 'அண்ணன் கிணற்றங்கரையில் வாழைப்பழம் விற்கிறார்' என்பது போல இன எழுத்துகள் கலந்த ஒரு தொடரை ஒவ்வொரு விசைப்பலகையிலும் எழுதி, எத்தனை முறை அழிக்க நேர்ந்தது என்று எண்ணிப் பாருங்கள். புதிய அமைப்பில் விரல் பழகச் சில நாட்கள் ஆகும் என்பதால், முதல் நாள் கணக்கை மட்டும் வைத்து எதையும் ஒதுக்கிவிட வேண்டாம்.

வேறு நிறுவனத்தின் விசைப்பலகையை இயக்கும்போது, கடவுச்சொல் உட்பட நீங்கள் தட்டுவதை எல்லாம் அது சேகரிக்கக்கூடும் என்று ஆண்ட்ராய்டு எச்சரிக்கும். அதைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள். உருவாக்கியவர் யாரென்றே தெரியாத செயலி எவ்வளவு வசதியாக இருந்தாலும் வேண்டாம்.