டிக்கி மூலையில் ஃபைபர் பெட்டி: ரெசின் டப்பா திறக்கும் முன்பே நடக்கும் தவறுகள்

2018-ல் வந்த ஸ்விஃப்டின் டிக்கி மொத்தமே 268 லிட்டர். அதில் சப்வூஃபருக்கு, அதாவது அடிமட்ட பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கருக்கு, ஒரு சதுர மரப்பெட்டியை வைத்துவிட்டால், ஊருக்குப் போகும்போது துணிப்பையெல்லாம் பின் சீட்டுக்கு வந்துவிடும். ஆனால் சக்கர வளைவுக்குப் பின்னால் யாருக்கும் பயன்படாத ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தின் வடிவத்திலேயே ஃபைபர் கிளாஸில் (கண்ணாடி இழை மேட்டில் ரெசின் என்ற பிசினை ஊறவைத்து இறுகவிடுவது) பெட்டி வார்த்து, அதில் சப்வூஃபரை உட்கார வைக்கலாம் என்ற ஆசை அங்கிருந்துதான் பிறக்கிறது. இந்த வேலையில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் கடைசியில் அடிக்கப்போகும் பெயின்ட்டைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். பெட்டி கெடுவதோ அதற்கு வெகு முன்னால்.

முதலில் கெடுவது லிட்டர் கணக்கு. மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்று வூஃபரின் அதிரும் கோனுக்கு ஒரு ஸ்பிரிங் மாதிரி. பெட்டி சிறிதானால் அந்த ஸ்பிரிங் விறைக்கும். அடிமட்ட பேஸ் போய், எந்தப் பாட்டுக்கும் ஒரே மாதிரி ‘தும் தும்’ என்றுதான் வரும். 12 இஞ்ச் வூஃபர்கள் பலவற்றுக்கு ஒரு கன அடி, அதாவது 28 லிட்டர் வாக்கில் கேட்பார்கள். உங்கள் வூஃபருக்கு எவ்வளவு என்று அதனுடன் வரும் தாளில் பாருங்கள். வூஃபரின் காந்தமும், அதைத் தாங்கும் கூடைபோன்ற சட்டமும் அடைக்கும் இடத்தையும் கணக்கில் சேருங்கள்.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. முன்பக்கத்துக்கு, வூஃபரை முடுக்கும் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வளையத்தை நிறுத்தி, அதிலிருந்து பெட்டியின் விளிம்புவரை ஃப்ளீஸ் என்ற மெத்துத் துணியை இழுத்துக் கட்டி ரெசின் தடவுகிறோம். மனத்தில் நாம் பார்ப்பது பானை வயிறு மாதிரி வெளியே புடைத்த வடிவம். இழுத்த துணி அப்படி நிற்காது, உள்பக்கமாக ஒட்டிப்போகும். என் முதல் பெட்டியில் 28 என்று நினைத்துக் கட்டியது, அளந்தபோது 20-ஐத் தாண்டவில்லை. அதன்பின் வளையத்தை நிறுத்தியதுமே, துணி கட்டும் முன், பள்ளத்தில் வார்த்த பின்பக்க ஓடு இருக்கிறதே, அதைப் படுக்கவைத்து பிளாஸ்டிக் ஷீட் விரித்துத் தண்ணீர் ஊற்றி அளந்துவிடுகிறேன். முன்பக்கத்துக்கு ஒரு தோராயம் சேர்த்து, பற்றாவிட்டால் வளையத்தை இன்னும் முன்னால் தள்ளுவேன். தண்ணீருக்குப் பதில் தெர்மகோல் மணிகளைக் கொட்ட நினைத்தால், சரியாகக் காயாத ரெசின் அவற்றைக் கரைத்துவிடும். அரிசியால் அளப்பவர்களும் உண்டு. அந்த அரிசியைப் பிறகு உலையில் போடாதீர்கள்.

ஆழத்தையும் இப்போதே பாருங்கள். காந்தத்தின் பின்புறத்தில் காற்றுத் துளை உள்ள வூஃபர் என்றால், அதற்கும் பின்சுவருக்கும் நடுவே இரண்டு விரல்கடையாவது வேண்டும்.

அடுத்தது உயிரோடு விளையாடும் தவறு. நம் ஊர்க் கடைகளில் பாலியெஸ்டர் ரெசினோடு பெரும்பாலும் இரண்டு சின்ன பாட்டில்கள் தருவார்கள்: காய்வதை வேகப்படுத்தக் கத்தரிப்பூ நிறத்தில் கோபால்ட், ரெசினை இறுகவைக்கத் தண்ணீர் மாதிரி ஹார்டனர். இவை இரண்டும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது. கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிவிட வேண்டும், ஹார்டனர் கடைசியில்தான். ஒரே மூடியால் இரண்டையும் அளப்பது, ஒரே குச்சியால் எடுப்பது, இரண்டு பாட்டிலையும் ஒரே கவரில் போட்டு வண்டியில் கொண்டுவருவது எல்லாமே வம்பு. ஹார்டனர் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

ஒரு கிலோ ரெசினுக்கு ஹார்டனர் 10 முதல் 20 கிராம். சித்திரை வெயிலில் கீழ்க்கணக்கே போதும். அதிகம் விட்டால் தடவி முடிப்பதற்குள் டப்பாவிலேயே கட்டியாகி, சூடேறிப் புகையும். அரை கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள். மழை ஈரத்தில் மேட் நமுத்திருந்தால் ரெசின் சரியாகப் பிடிக்காது. டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டு தடவும்போது வரும் ஸ்டைரீன் வாடையைத் துணி மாஸ்க் தடுக்காது. கெமிக்கல் ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். அந்த ஆவி தீப்பிடிப்பதும்கூட. அதனால் காருக்குள் இரண்டு மூன்று லேயரோடு நிறுத்தி, காய்ந்த ஓடாகக் கழற்றி வெளியே வைத்து மீதியைப் போடுவதுதான் என் வழக்கம்.

கழற்றி என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். பள்ளத்தின் வாய் குறுகி உள்ளே அகன்றிருந்தால், காய்ந்த ஓடு வெளியே வரவே வராது. அப்படிப்பட்ட குழிகளை முன்னதாகவே அட்டை வைத்து அடைத்துவிடுங்கள். ரெசின் ஒட்டாதிருக்க, பள்ளத்தில் மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு, மேலே அலுமினியத் தாள், அதன்மேல் வேக்ஸ். சுற்றிலும் பம்பர் வரை பிளாஸ்டிக் விரிப்பு. பெயின்ட்டில் சொட்டிய ரெசின் காய்ந்தபின் டிங்கர் பட்டறைதான் கதி.

தடிமனில் கஞ்சத்தனம் வேண்டாம். சதுர மீட்டருக்கு 450 கிராம் உள்ள மேட் ஒரு லேயர் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வரும். ஆறு முதல் எட்டு லேயர் போட்டபின், தட்டையான இடத்தை முஷ்டியால் குத்திப் பாருங்கள். தகரம் மாதிரி அதிர்ந்தால் இன்னும் போடுங்கள், அல்லது உள்ளே மரக்கட்டை வைத்து ஒட்டுங்கள். வளைந்த சுவர் தானாகவே விறைப்பாக நிற்கும். தட்டைச் சுவர்தான் ஏமாற்றும். வெறும் ரெசினைக் கொட்டித் தடிமனாக்க நினைப்பவர்கள் உண்டு. இழை இல்லாத ரெசின் அப்பளம். சாலைப் பள்ளத்தில் வண்டி இறங்கினால் விரிசல் விடும். பட்டியை (மேடுபள்ளம் நிரப்பும் பசையை) அரை இஞ்சுக்கு அப்பி வடிவம் திருத்துவதும் அதே கதைதான்.

எபாக்ஸிதான் உசத்தி என்று யாராவது சொல்லி, அதைச் சாதாரண சாப்டு (துண்டு இழை) மேட்டோடு வாங்கிவந்தால் பணம் வீண். அந்த மேட்டில் இழைகளைப் பிடித்திருக்கும் பசை, பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்காகவே வைத்தது. எபாக்ஸியில் பெரும்பாலும் கரையாது. மேட் விறைத்துக்கொண்டு வளைவில் படியாது.

காய்ந்த பெட்டியை உப்புத்தாளால் தேய்க்கும்போது முழுக்கை சட்டை. பிறகு குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். துண்டால் அழுத்தித் துடைத்தால் இழை இன்னும் உள்ளே ஏறி, ராத்திரி முழுக்க அரிக்கும்.

கடைசியாக, வூஃபரை முடுக்கியதும் கோனை இரண்டு கையாலும் மெல்ல அழுத்தி, சில வினாடி பிடித்திருந்து விடுங்கள். மெதுவாகத் திரும்பினால் காற்று கசியவில்லை. பட்டென்று திரும்பினால் ஒயர் போகும் துளையையும் வளையத்தின் ஓரத்தையும் பாருங்கள். ஸ்டெப்னியும் ஜாக்கியும் பெட்டியைக் கழற்றாமல் வெளியே வருகின்றனவா என்று அன்றைக்கே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நான் பார்க்கவில்லை, விக்கிரவாண்டி தாண்டி, இரவு பதினோரு மணிக்கு, டார்ச் வெளிச்சத்தில் எட்டு போல்ட் கழற்றினேன்.